எங்கள் திருமணப் படத்தில் அம்மா இல்லை

எங்கள் சாதி மறுப்புத் திருமணத்துக்கு மொத்தம் பதினொரு படங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரு தோழர் தன் செல்பேசியில் எடுத்தவை. பெரியார், அம்பேத்கர் படங்களின் கீழே நாங்கள் மாலையோடு நிற்கிறோம். பக்கத்தில் விடுதி நண்பர்கள் நான்கு பேர், இயக்கத் தோழர்கள் மூன்று பேர். என் அம்மா இல்லை. "நீ வர வேணாம்மா, நாளைக்கு உன்னைத்தான் மொதல்ல வந்து கேப்பாங்க" என்று நான்தான் தடுத்தேன். இணையரின் வீட்டார் ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் தேவையில்லை. நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். அவர் பிறந்தது இடைநிலைச் சாதியில்.

இணையர் இப்போது ஆஸ்திரேலியாவில் செவிலியர். நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்டார். ஆய்வேட்டை ஒப்படைத்ததும் அவரோடு போய் வாழ்வதற்காக இணையர் விசாவுக்கு ஆவணங்கள் திரட்டிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் ஒரு விசா முகவரிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் நிக்கிற மாதிரி ஒரு போட்டோகூட இல்லையா சார்? ஃபைல் ஸ்ட்ராங்கா இருக்காதே."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் திருமணச் சான்றிதழ் மட்டும் போதாது. உறவு உண்மையானதா, தொடர்கிறதா என்று பார்ப்பார்கள். 1994ஆம் ஆண்டின் குடியேற்ற விதிமுறைகள் இதற்கு நான்கு அம்சங்களைச் சொல்கின்றன: பணம், குடித்தனம், சமூக அங்கீகாரம், ஒருவர் மீது ஒருவருக்குள்ள பிடிப்பு. போலித் திருமணங்களைத் தடுக்க ஒரு நாடு இப்படிக் கேட்பதில் தவறில்லை. நம்மிடம் ஏன் பதில் இல்லை என்பதுதான் கேள்வி.

பணத்திலிருந்து தொடங்குவோம். இணையரின் சம்பளக் கணக்கு அவருடைய அப்பாவின் கண்காணிப்பில் இருந்தது. எங்களால் கூட்டுக் கணக்கு தொடங்க முடியவில்லை. அடுத்தது குடித்தனம். அவர் வெளிநாடு போவதற்கு முன் பதினான்கு மாதங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். ஆனால் வாடகை ஒப்பந்தம் ஒரு நண்பரின் பெயரில் இருக்கிறது. நாங்கள் நேராகப் போய்க் கேட்ட வீடுகளில், முன்பணம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள்.

பிடிப்பைக் காட்ட, பல ஆண்டுகள் பேசிக்கொண்டதற்கான சான்று வேண்டும். நாங்கள் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நான்கு ஆண்டு வாட்ஸ்அப் உரையாடல்களை ஒவ்வொரு இரவும் அழித்தோம். அவருடைய அண்ணன் போனை வாங்கிப் பார்ப்பார். அந்தப் போனில் என் பெயர் ஒரு தோழியின் பெயரில் இருந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது நான் மாணவன். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, இணையர் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு "வெளிய போகாதே" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். உயிரோடு இருப்பதற்காக நாங்கள் அழித்தவற்றைத்தான் இப்போது விசா கேட்கிறது.

என்னோடு ஆய்வு செய்த ஒரு நண்பருக்குச் சொந்தச் சாதியில் திருமணம் நடந்தது. இரண்டு பக்கத் தாத்தாக்களின் பெயர்களும் சாதிப் பட்டத்தோடு அச்சான அழைப்பிதழ், மண்டபம் நிறைய உறவினர்கள், தடிமனான ஆல்பம், மாமனாரே முன்னின்று தொடங்கிக் கொடுத்த கூட்டுக் கணக்கு என எல்லாம் அவரிடம் இருந்தன. அந்த இருவரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒரு சான்றும் தேட வேண்டியிருக்கவில்லை. தாலி கட்டிய அன்றே கோப்பு தயாராகிவிட்டது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதி அகமணத்தில்தான் நிற்கிறது என்று அம்பேத்கர் விளக்கினார். அகமணம் தன் பிள்ளைகளுக்கு மண்டபம், சீர், சொத்து மட்டும் கொடுப்பதில்லை. எந்த நாட்டு அதிகாரியும் நம்பக்கூடிய சான்றையும் சேர்த்தே கொடுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சமூக அங்கீகாரம் பற்றி அந்த விதிமுறை கேட்பது, மற்றவர்களிடம் தம்பதியாக அறிமுகப்படுத்திக்கொள்கிறார்களா, சேர்ந்து வெளியே போகிறார்களா, நண்பர்களும் அறிந்தவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதைத்தான். பெற்றோரின் சம்மதத்தை அது கேட்கவில்லை. சட்டம் கேட்காத பெற்றோரை நம் ஊர் முகவர்களின் பட்டியல்தான் உள்ளே கொண்டுவருகிறது. பெற்றோர் இல்லாத திருமணம் அரைத் திருமணம் என்ற நம் ஊர் நம்பிக்கை, விசா ஆலோசனையாக மாறி, கட்டணத்தோடு நமக்கே விற்கப்படுகிறது.

நம் சட்டம் இதைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி, சுயமரியாதைத் திருமணம் உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் நடக்கலாம். அந்த 'அல்லது'வில்தான் எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கை இருக்கிறது. இரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்ப எதிர்ப்பாலும் உயிர் அச்சத்தாலும் ஊரறிய அறிவிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பின் நகலை எங்கள் கோப்பில் வைத்திருக்கிறேன். அம்மா ஏன் படத்தில் இல்லை என்று விளக்கி இரண்டு பக்கக் கடிதமும் எழுதியிருக்கிறேன். கூடவே, திருமணத்தன்று பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கான சி.எஸ்.ஆர். ரசீதும் இருக்கிறது. நாங்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்ததற்கு, தேதியும் முத்திரையும் உள்ள பழைய ஆவணம் அதுதான்.

விண்ணப்பக் கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். ஏறத்தாழ என் ஓராண்டு ஆய்வு உதவித்தொகை முழுவதும் அதற்கே போகும். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. எனவே இது எங்கள் இருவரின் பிரச்சினையாக மட்டும் இருக்கக் கூடாது.

சாதி மறுப்புத் திருமணங்களை நடத்திவைக்கும் தோழர்கள் மாலையும் உறுதிமொழியும் முடிந்ததும் கலைந்துவிடக் கூடாது. தேதி, இடம், வந்திருந்தவர்களின் பெயர், கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு சான்று கொடுங்கள். படங்களையும் நகல்களையும் இயக்க அலுவலகத்தில் பல ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள். காதலிக்கும் தோழர்களே, அழித்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் நம்பிக்கையான ஒரு நண்பரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விசாவுக்கு இருவராவது, இந்த உறவு உண்மையானது என்று 888 எண் படிவத்தில் எழுதித் தர வேண்டும். எங்களுக்கு ஒருவர் கிடைத்துவிட்டார். இணையரோடு பணிபுரியும் மலையாளச் செவிலியர் அவர். இன்னொருவரைத் தேடி இணையர் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் பேசினார். "உங்க வீட்டுக்காரர் எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். அதன் பிறகு அவர்கள் போனை எடுக்கவில்லை.

இரண்டாவது கையெழுத்துக்காக இன்னும் காத்திருக்கிறோம்.