பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்

பழைய கார் மேல் நமக்கு இருக்கும் காதலை நான் நம்புவதில்லை. பாண்டிச்சேரியின் மஞ்சள் சுவர் முன்னாலோ, ஆரோவில்லின் செம்மண் பாதையிலோ அம்பாசடரை நிறுத்திப் படம் எடுக்கிறோம். குரோம் பளபளக்கிறது, ஹார்ட்டின் குவிகிறது. கொஞ்சம் குனிந்து பின் சக்கரத்தைப் பாருங்கள், ஒரு செங்கல் இருக்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் ப்ரோ" என்கிறார்கள்.

அப்படியெல்லாம் இல்லை ப்ரோ. அம்பாசடர் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1960களில் நம்ம சென்னைப் பக்கமே தயாரான வண்டி. எந்த ஃபேக்டரியும் வண்டியோடு செங்கல் கொடுத்து அனுப்பவில்லை.

இந்த ஊரில் இது சின்ன விஷயமும் இல்லை. ஆரோவில் மேட்டு நிலம். குயிலாப்பாளையம் வழியாக கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வரும் ரோடு கடலை நோக்கி இறங்குகிறது. உருள ஆரம்பித்த ஒரு டன் இரும்புக்கு, கீழே டீக்கடையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. போதாததற்கு உப்புக் காற்று. மரக்காணத்தில் பாத்தி கட்டி உப்பெடுக்கும் அதே கடல், காற்றிலும் உப்பை அனுப்புகிறது. கேபிளின் மேலுறை விரிசல் விட்டால் ஈரம் உள்ளே போய், கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் இழுத்தால் பிடிக்காது, பிடித்தால் விடாது.

இதற்கு நாம் செய்யும் வைத்தியம்தான் எனக்குக் கோபம். ஹேண்ட் பிரேக் மேலே வரைக்கும் வருதா? கேபிளை டைட் பண்ணு, அஞ்சு நிமிஷ வேலை. சாஃப்ட்வேரில் எரர் வந்தால் அலாரத்தை அணைக்கிற அதே புத்தி. பின் டிரம்முக்குள் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியதுதான் பெரும்பாலும் காரணம். அதை விட்டுவிட்டு கேபிளை இழுத்தால், ஷூ முழுசாகத் திரும்பி உட்காராமல் டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும். சூடாகும், இன்னும் தேயும். அடுத்த மாதம் மறுபடி டைட் பண்ணு.

சரியான வரிசை பழைய மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க விட்டுவிட்டு, முதலில் பின்தட்டில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் நின்றதும் அது தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். அதன் பிறகும் தொய்வு இருந்தால்தான் கேபிளைத் தொடலாம். அதுவும் துருப்பிடித்ததாக இருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும்.

அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வராது. பாலிஷுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர், வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அண்ணனிடம் இருநூறு ரூபாய்க்கு பேரம் பேசுகிறார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதிச் சுத்தம் செய்கிற நுரையீரலும் அவருடையதுதான். ஈரத்துணியும் நல்ல மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்தோமா?

சட்டமும் நம்மைப் போலத்தான் பார்க்கிறது. 2021இல் வந்த விதி, 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்கிறது. மாற்றக் கூடாதவை என்று அது சொல்வது சேஸிஸ், பாடி, இன்ஜின். கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் பாரம்பரியம் ஆகிவிட்டன. கண்ணில் படாத ஒரு கம்பியைப் பராமரிக்கும் கை மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

செங்கல்லை முழுசாக ஒதுக்கச் சொல்லவில்லை. கடலோர ஈரத்தில் மாதக்கணக்கில் வண்டி நிற்குமென்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது சமதளத்தில் கியரில் போட்டு, கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவைப்பதுதான் சரி. பிரேக்கைக் காப்பாற்ற வைக்கும் கட்டை அது. பிரேக் செத்துப்போனதை மறைக்க வைக்கும் செங்கல் வேறு.

ஆகவே பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெயின்ட்டுக்கு மார்க் போடும் முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சரிவில் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில் மட்டும், பத்து நிமிஷம் நிறுத்துங்கள். பக்கத்தில் கட்டையோடு ஒருவர் நிற்கட்டும். நகராத வண்டிக்குப் பரிசு கொடுங்கள். மேடைக்கு ஓனரோடு மெக்கானிக்கையும் கூப்பிடுங்கள்.