வீட்டுக்குள்ள எதுக்கு நன்றி?

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. டாலஸில் காலை 8 மணி, கும்பகோணத்தில் இரவு 7.30. அம்மா வீடியோ காலில் வந்தார். என் ஆறு வயசு மகன் போனை எடுத்து, "என்ன பாட்டி, சீக்கிரம் சொல்லுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. குரல்தான் அவனுடையது, தொனி அப்படியே என்னுடையது.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. பத்து நாளைக்கு முன்னாடி அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, கையில் கட்டு போட்டிருக்கிறார். "ஏம்மா சொல்லலை?" என்றேன். "நீ எப்பவும் அவசரத்துல இருப்பியேப்பா..." என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

ஆபீஸில் நான் இப்படி இல்லை. யாராவது ஒரு சின்ன பிழையைச் சரி பண்ணிக் கொடுத்தால் நாலு வரி நன்றி எழுதுவேன். வீட்டில் காபி கொண்டு வந்து வைக்கும் மனைவியை நிமிர்ந்துகூட பார்ப்பதில்லை.

"வீட்டுக்குள்ள எதுக்கு நன்றி?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் தப்பில்லை. அம்மாவிடம் நன்றி சொல்லிப் பாருங்கள், "என்னடா, யாரோ வெளியாள்கிட்ட பேசுற மாதிரி" என்பார். நம்ம ஊரில் பாசம் எல்லாம் "சாப்பிட்டியா?" என்ற ஒரு கேள்வியில் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கேள்வியையும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டால், அதில் என்ன மிச்சம் இருக்கும்?

குற்ற உணர்ச்சியில் பெரிய திட்டங்கள் போட்டேன். தினமும் ஒரு மணி நேரம் குடும்பத்துக்கு, வாரம் ஒரு நாள் போனே கிடையாது. மூன்றாவது வாரமே ஒரு புராஜெக்ட் டெட்லைன் வந்து எல்லாம் காலி. அப்புறம்தான் புரிந்தது, சாஃப்ட்வேர் மாதிரிதான் இதுவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் உடையும். சின்னச் சின்னதாக மாற்றினால் நிற்கும்.

இப்போது மூன்றே பழக்கம். ஆபீஸிலிருந்து வந்ததும், கதவைத் திறப்பதற்கு முன் போனைப் பைக்குள் போட்டுவிடுவது. சாப்பிட்டதும் முதல் வார்த்தையாகச் சாப்பாட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்வது. சனிக்கிழமை காலை, அதாவது ஊரில் விளக்கு வைத்த பிறகு, அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது.

இரண்டாவதைச் சொல்ல ஆரம்பித்த வாரமே மனைவி கேட்டாள், "நல்லா இருக்குன்னு சொன்னா போதுமா, பாத்திரம் யார் கழுவுறது?" நியாயமான கேள்வி. வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல் இனிக்க இனிக்கப் பேசுவது கனிவு இல்லை, ஏமாற்று. ராத்திரி பாத்திரம் இப்போது என் கணக்கு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. பழம் சாப்பிடுவது, நடப்பது மாதிரியான ஒரு செயல் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கு வந்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை. அதனால், நேற்று கத்திவிட்டீர்களா? இன்றைக்கு மறுபடி ஆரம்பிக்கலாம்.

எனக்கும் தவறுகிறது. ரிலீஸ் நாளில் பழைய குரல் வந்துவிடும். ஆனால் போன மாதம் அம்மா தானாகவே, "முட்டி ரெண்டு நாளா வலிக்குதுப்பா" என்றார். ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பாத்தியம் அதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மால் ஓடிப்போய் கையைப் பிடிக்க முடியாது. வலிக்குது என்று அவர்கள் தயங்காமல் சொல்லும்படியாவது இருக்கலாமே. இந்த சனிக்கிழமை போன் போடும்போது, லேப்டாப்பை மட்டும் மூடி வையுங்கள்.