கல்குட்டையில் சோலார் பேனல், கழனியில் நெல்

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். அதை எங்கே அமைப்பது என்பதுதான் கேள்வி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரவியுள்ளது. அதாவது, ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர். ஆவடி, பூந்தமல்லி பக்கம் 4 ஏக்கர் என்பது ஒரு குடும்பத்தின் முழுப் பிழைப்பு. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கீரையும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டுமனையாகிவிட்டது. மிச்சமுள்ள கழனியில் பேனல்களை நடக் கூடாது என்பது என் கருத்து.

இந்த வட்டாரத்தில் அதற்கு வேறு இடம் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போகும் பக்கம் சிக்கராயபுரம் கல்குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல் வெட்டிக் கைவிடப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் அவை.

அங்கே பயிர் செய்யலாமே என்று கேட்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்த பிறகு மண்ணைக் கொட்டிச் சமன்செய்து, தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்டு மீண்டும் பயிர் எடுத்திருக்கிறார்கள். திரும்ப நிரப்ப அங்கே மண் இருந்தது. கல்குவாரியில் வெட்டியது அத்தனையும் லாரியில் போய்விட்டது. எஞ்சியது பாறையும் மழைநீரும்தான்.

அந்த நீரையும் இழக்க முடியாது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குட்டைகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். 2019-லும் இவை கைகொடுத்தன. ஆகவே, பள்ளத்தைத் தூர்த்து அதன்மேல் பேனல் வைக்கும் யோசனை நமக்கு ஆகாது. நீர்மேல் மிதக்கவிடுவதே சரி.

இது புதிதல்ல. சீனாவின் ஹுவாய்நானில், நிலக்கரி எடுத்ததால் உள்வாங்கி நீர் நிரம்பிய இடத்தில் 2017-ல் 40 மெகாவாட் மிதவை நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் தூத்துக்குடியிலும் ஓர் உரத் தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தில் 22 மெகாவாட் மிதவை நிலையம் 2022-ல் திறக்கப்பட்டது.

விவசாயக் கணக்கிலும் இது லாபமே. கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் 20 ஆயிரம் லிட்டர் காற்றோடு போய்விடும். பேனலின் நிழல் அதில் கணிசமான பங்கைக் காப்பாற்றும். பேனலுக்கும் நன்மை உண்டு. 25 டிகிரிக்கு மேல் அது சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். நீரின் குளிர்ச்சி அந்த இழப்பைக் குறைக்கும். குட்டையிலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரையும் பகலில் இதே மின்சாரத்தில் ஓட்டலாம்.

ஆனால், எல்லாக் குட்டைக்கும் இது பொருந்தாது. செங்குத்தான பாறைச் சுவர் காலையிலும் மாலையிலும் நிழல் விழச்செய்யும். எனவே, அகலமான குட்டைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் பல அடி இறங்கும்; மிதவையைக் கட்டும் வடம் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். நீர்ப்பரப்பு முழுவதையும் மூடினால் மீனுக்கு வெளிச்சமும் உயிர்க்காற்றும் குறையும். பாதிக்கு மேல் மூடாதிருப்பது நல்லது. மழைநீர் குட்டைக்கு வரும் வாய்க்கால்களில் கைவைக்கவே கூடாது.

பெரிய முதலாளிகள்தான் இதைச் செய்ய முடியும் என்றில்லை. 2019-ல் வந்த மத்திய அரசின் பி.எம்.குசும் திட்டம், தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களை விவசாயிகள், கூட்டுறவுகள், ஊராட்சிகள் அமைக்க வழிசெய்தது. குட்டைகளுக்கும் அதே அளவில், உள்ளூருக்கு வருமானம் கிடைக்கும்படி திட்டம் வகுக்கலாம்.

உங்கள் ஊரில் கைவிடப்பட்ட குவாரி இருந்தால், அதன் பரப்பையும் கோடையில் நிற்கும் நீரின் ஆழத்தையும் குறித்துவையுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். குப்பை லாரிகள் அந்தப் பள்ளத்தைத் தேடி வருவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.