சர்க்கரை அளவும் பாத நாடியும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளில் வைத்தியத் தொழில் புரியும் நமது அன்பர்கள், நீரிழிவு நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையையும் ஹெச்பிஏ1சி அளவையும் எவ்வளவு சிரத்தையுடன் குறித்து வைக்கிறார்களோ, அவ்வளவு சிரத்தையுடன் அவர்களுடைய பாத நாடியையும் தொட்டுப் பார்க்கிறார்களா என்று இவ்விதழில் கேட்க விரும்புகிறோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரும் நோயாளியின் வெறுங்கால்கள் மேசைக்கு அடியில் இருக்க, மேசை மேலிருக்கும் ரிப்போர்ட்டை மாத்திரம் பார்த்து மருந்தெழுதி அனுப்பும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

உயர்ந்த சர்க்கரைக்கும் கால் தமனி அடைப்புக்கும் உள்ள சம்பந்தம் விவாதத்துக்குரியதன்று. ஆண்டுக்கணக்காகச் சர்க்கரை மிகுந்த ரத்தம் பாய்வதால் நாளத்தின் உட்சுவர், தன்னை விரித்துக் கொடுக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கும் சக்தி குன்றி, சர்க்கரை ஏறிய புரதங்களால் விறைத்து, தட்டணுக்கள் எளிதில் ஒட்டும் இடமாகிவிடுகிறது. அதிலும், முழங்காலுக்குக் கீழேயுள்ள தமனிகளே நீரிழிவில் விசேஷமாகப் பழுதடைகின்றன. ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் உயர்ந்தால் இந்நோய்க்கான அபாயம் 28 சதவீதம் உயர்கிறது என்று பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வாளர்கள் 2002-ல் தெரிவித்தார்கள்.

நமது நகரத்துச் சான்றும் உண்டு. திருமங்கலத்திலும் தியாகராய நகரிலும் நடத்தப்பெற்று, 2000-ல் வெளியான சென்னை நகர மக்கள் ஆய்வில், சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும், நீரிழிவாளர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் இந்நோய் காணப்பட்டது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் 3.5 ஆக இருந்த விகிதம், முன்பே நோயை அறிந்திருந்தவர்களிடம் 7.8 ஆக இருந்தது. மேனாட்டைவிட நம்மிடம் குறைவுதானே என்று இதைக் கொண்டு ஆறுதல் கொள்வோருக்கு ஒரு வார்த்தை: அவ்வாய்வின் அளவுகோல், கணுக்கால் அழுத்தத்தைப் புய அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருப்பது. நீரிழிவிலோ தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து, அழுத்தம் பார்க்கும் பட்டையின் இறுக்கத்துக்கு நாளம் மசியாமல், அடைப்புள்ள காலிலும் அந்த எண் சரியாகவோ, 1.4-க்கு மேலாகவோ வந்து நம்மை ஏமாற்றிவிடக்கூடும். ஆகவே அவ்விகிதங்களைக் குறைந்தபட்சக் கணக்காகவே கொள்ள வேண்டும்; சந்தேகமுள்ளவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தைப் பார்க்காமல் விடலாகாது.

நோயாளியும் நமக்கு எச்சரிக்கை தருவதில்லை. நரம்பு மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில் போகிறவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் தூரம் வரை நடக்கும் அவசியமே நேர்வதில்லை. “நடந்தால் வலிக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லையென்றுதான் பதில் வரும்; தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளை நிற்காமல் ஏற முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறலாம். பின்பு காலைத் தூக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தால், ரோமம் உதிர்ந்து மினுமினுக்கும் தோலும், தடித்த நகமும், மற்றதைவிடச் சில்லென்றிருக்கும் ஒரு பாதமும், சுண்டுவிரல் இடுக்கில் அவரே அறியாத கறுத்த புள்ளியும் கண்ணில் படலாம். புறங்காலின் நாடி சிலருக்குப் பிறவியிலேயே கைக்கு அகப்படாதாகையால், உள் கணுக்காலுக்குப் பின்னுள்ள நாடியையும் தேட வேண்டும். கைக்கடக்கமான டாப்ளர் கருவி இருப்பின், ஆரோக்கியமான தமனியில் மும்முறை எழும் ஒலி, அடைப்புக்குக் கீழே ஒற்றை இரைச்சலாகத் தேய்ந்திருப்பதைக் காதாலேயே கேட்கலாம்.

சர்க்கரையைக் குறைத்துவிட்டாலே அடைத்த தமனி திறந்துகொள்ளும் என்பதில்லை. புகையிலையை அறவே நிறுத்துதல், ஸ்டாட்டின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, தக்கவர்களுக்கு ரத்தத் தட்டணு எதிர்மருந்து, நடைப்பயிற்சி ஆகிய யாவும் சேர்ந்ததே சிகிச்சை. ஆறாத புண்ணும் அகப்படாத நாடியும் ஒருசேரக் காணப்பட்டால், களிம்பு எழுதி வாரங்களைக் கடத்தாமல் ரத்தநாள அறுவை நிபுணரிடம் உடனே அனுப்புவது கடமை.

நாட்பட்ட நோயைப் பொறுமையுடன் பின்தொடர்வது, 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்குச் சானடோரியம் கண்ட இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. ஆகையால், ஒவ்வொரு நீரிழிவாளரின் குறிப்பேட்டிலும் வருஷத்துக்கு ஒரு முறையேனும், சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே இரு பாதங்களின் நாடி நிலையையும் எழுதி வைக்குமாறு நமது வைத்திய சகோதர சகோதரிகளை வேண்டிக்கொள்கிறோம்.