படிப்படியாக வரட்டும் ஓட்டுநர் உரிமம்

பதினெட்டு வயது நிறையும் நாள்வரை, நடைமுறையில் சைக்கிளுக்கு மேல் எதையும் தொட அருகதையற்றவனாக இருந்த ஒரு பிள்ளை, எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் வாங்கி முப்பது நாள் கழிந்தபின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில் காலை ஊன்றாமல் ஒருமுறை எட்டுப் போட்டுக் காட்டிவிட்டானாயின், உரிமம் கைக்கு வந்த அன்றே, தோழன் ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இருட்டானாலும் மழையானாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 சி.சி. மோட்டார் சைக்கிளைச் செலுத்தப் பூரண அதிகாரம் பெற்றுவிடுகிறான். இந்த ஏற்பாடு விவேகமானதன்று என்பது நமது திடமான அபிப்பிராயம். பெரியவர் துணையோடு பழகிய நேரத்தைக் கணக்கிட்டு, அபாயம் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குப் படிப்படியாக அனுமதி தரும் உரிம முறை ஒன்று இந்நாட்டில் வந்தாக வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்களித்தது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்குச் சற்று மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நமது தமிழ்நாடே. 64,105 விபத்துகள் இங்கே நேர்ந்தன. விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தை 2021இல் தொடங்கிய அரசை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அடிபட்டவனிடம் காட்டும் அந்தக் கருணையை, அடிபடாதபடி பழக்குவதிலும் காட்ட வேண்டுமென்று கேட்பதற்கு அதுவே நமக்கு உரிமை தருகிறது.

தண்டனை விஷயத்தில் சட்டம் மெத்தனமாக இருப்பதாகச் சொல்ல இயலாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும்; அச்சிறுவனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. இத்தனையும் ஏட்டில் இருந்தபோதுதான், 2024 மே மாதத்தில் புணே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிவந்ததாகச் சொல்லப்படும் விலையுயர்ந்த கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தார்கள். முந்நூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு அச்சிறுவனுக்கு ஜாமீன் அளிக்கப்பட்டதும், தேசமெங்கும் எழுந்த கண்டனத்துக்குப்பின் அவ்வுத்தரவு மாற்றப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எப்போது ஓட்டக் கூடாது என்பதைச் சட்டம் கண்டிப்புடன் சொல்கிறது. எவ்வாறு பழக வேண்டும் என்பதைப் பற்றியோ, அது ஏறக்குறைய மௌனம் சாதிக்கிறது.

படிப்படியான அனுமதி என்ற கருத்து நம் சட்டத்துக்கு அந்நியமானதுமன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைப் பதினாறு வயதிலேயே ஓட்டலாம் என்று இடமளித்தது. இலேசான வண்டியில் இரண்டாண்டு பழகியபின் பெரிய வண்டிக்குப் போகட்டும் என்ற நல்ல எண்ணம் அதில் தொனிக்கிறது. ஆனால் இன்று கடைகளில் விற்கும் கியரில்லாத ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை, கிராமத்து விவசாயி உரமூட்டை ஏற்றிச் செல்லும் எக்ஸ்.எல். வண்டியும் 50 சி.சி. வரம்பைத் தாண்டி 100 சி.சி.யை எட்டிவிட்டது. ஆகவே சட்டம் வைத்த முதற்படி சந்தையில் அநேகமாக மறைந்துவிட, சைக்கிளிலிருந்து நேரே அசுர வேகத்துக்குத் தாவும் நிலை பிள்ளைகளுக்கு ஏற்பட்டிருக்கிறது.

பரீட்சையின் லட்சணமோ அனைவரும் அறிந்தது. பிற வண்டிகளை முந்துதல், சைகை காட்டுதல், அவசரத்தில் நிறுத்துதல் என்று விதிகள் பலவற்றைச் சோதிக்கச் சொல்கின்றன. நடைமுறையில் இருசக்கர வாகனத்துக்கு எட்டும் காருக்கு ஹெச்சும் போட்டுக் காட்டினால் போதுமென்ற சம்பிரதாயம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. எட்டுப் போடுகிறவனுக்குச் சமநிலை கைவந்திருக்கலாம். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் முன்புறத்திலிருந்து ஒரு கிழவி திடீரென்று குறுக்கே வருவாள் என்பதை முன்கூட்டியே ஊகிக்கும் புத்தி அவனுக்கு வந்திருக்கிறதா என்பதை அந்த மைதானம் சொல்லாது. எல்.எல்.ஆர். பெற்றபின் முப்பது நாள் கழிந்ததா என்று நாட்காட்டியைப் பார்க்கிற சட்டம், அந்நாட்களில் அவன் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் வெகுதூரம் முன்னேறிவிட்டன. பழகுநர் நிலை, கட்டுப்பாட்டு நிலை, முழு உரிமம் என்ற மூன்று படிகளை நியூசிலாந்து 1987லேயே ஏற்படுத்தியது. நடுப்படியில் இருப்பவர் இரவு பத்து மணிமுதல் காலை ஐந்து மணிவரை தனியே ஓட்டக் கூடாது, துணைக்குப் பெரியவர் இல்லாமல் நண்பர்களை ஏற்றவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்குட்பட்டோர் கார் உரிமத்துக்கு 120 மணி நேரம் ஓட்டிப் பழகியதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவுப் பயிற்சியாக இருத்தல் அவசியம். இவற்றுக்கெல்லாம் ஆதாரமான உண்மை ஒன்றே. அனுபவசாலி அருகில் இருக்கும்வரை பழகுநர்க்கு விபத்து அபாயம் சொற்பம்; அவர் இறங்கிக்கொண்டபின் வரும் முதல் சில மாதங்களிலேயே அது உச்சத்தை அடைகிறது. கிணற்றில் நீச்சல் பழக்கும் தகப்பன், பிள்ளையின் இடுப்பில் கட்டிய சுரைக்குடுக்கையை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

எனவே நாம் கோருவது இது. கார் பழகுவோர்க்கு எல்.எல்.ஆர். காலத்தை ஓராண்டாக நீட்டி, குறைந்தது ஆறு மாதமும், ஐம்பது மணி நேரப் பயிற்சியும், அதில் பத்து மணி நேரம் இரவிலும் கழிந்தாலன்றிப் பரீட்சைக்கு அனுமதிக்கலாகாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இது கைகூடும். இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்தவர் பிரேக்கைப் பிடிக்க முடியாதாகையால், அங்கே வேறுவிதக் காவல் வேண்டும்: உரிமம் பெற்ற முதலாண்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி கூடாது, பின்னால் ஆள் கூடாது, இரவு பத்து மணிக்குமேல் பிரயாணம் கூடாது. இம்மூன்றையும் ஓராண்டு பிழையின்றி அனுசரித்தவர்க்கே முழு உரிமம்.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். பதிவேட்டில் பொய்க் கணக்கு எழுதிவிடுவார்கள் என்பது ஒன்று. சிலர் எழுதுவார்கள், மெய்தான். எனினும் மகனோ மகளோ இத்தனை மணி நேரம் ஓட்டியதற்குத் தாமே சாட்சி என்று கையெழுத்திடும்போது, பொறுப்பு தம் தலையில் ஏறுவதைப் பெரும்பாலான பெற்றோர் உணரவே செய்வார்கள். ஏழைகள் என்ன செய்வார்கள் என்பது மற்றொன்று. இது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. கார் வைத்திருப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு ஐம்பது மணி நேரம் எளிது. டிரைவர் வேலையை நம்பிப் பழகும் கூலிக்காரர் மகனுக்கு அது பெருஞ்செலவு. அவனுக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வாயிலாக இலவசப் பயிற்சி அளிப்பது அரசின் கடமை. இரவில் உணவு கொண்டுசென்று பிழைக்கும் பதினெட்டு வயது இளைஞனுக்கு நேர விலக்கு அளிக்கலாம். அவனுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை வேலை வாங்கும் நிறுவனத்தின்மேல் சுமத்திய பிறகே அளிக்க வேண்டும்.

பஸ் வராத ஊர்களில் வயது நிறையாத பையன் வண்டி எடுக்காவிட்டால் மருத்துவமனைக்குப் போவது எப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை பஸ் விடுவதுதான். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றுவது விடையாகாது.

சட்டம் வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ தேறியதற்குப் பரிசாக மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் தகப்பனார், அதே கையோடு ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளையும் தந்தாராயின் பரிசு பூர்த்தியாகும். முதலில் விடியற்காலை வெறும் மைதானம், பிறகு தெரு, அப்புறம் பஸ் போகும் சாலை, கடைசியாக நெடுஞ்சாலையும் இரவும் மழையும் என்று வரிசை வைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் அமர்ந்து அதட்டினால் பிள்ளையின் கை நடுங்குமேயன்றிப் பயன் விளையாது. முன்னே தெரிவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னால், அவன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்கத் தவறுகிறான் என்பது புலப்பட்டுவிடும். அனைத்துக்கும் மேலாக, பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து பள்ளிக்குப் போன நாளிலிருந்து அப்பிள்ளை பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் இடையே செல்போனைச் செருகிப் பேசியபடி சென்ற தகப்பனாரின் உபதேசம் பதினெட்டாம் வயதில் எடுபடாது.

மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசினுடையது. ஆயினும் விஷயம் பொதுப் பட்டியலில் இருப்பதால், திருத்தம் கோரி வற்புறுத்தும் கடமையும் தகுதியும் மாநில அரசுக்கு உண்டு. அத்திருத்தம் டில்லியில் எத்தனை காலம் பிடித்தாலும் பிடிக்கட்டும். எல்.எல்.ஆரோடு ஒரு பயிற்சிக் குறிப்பேட்டையும் கொடுத்து, பழகிய நாளையும் நேரத்தையும் சாலையையும் எழுதி வரும்படி கேட்டுக்கொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சில பக்கக் குறிப்பேடு அது. அச்சுச் செலவு அற்பம். தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை வரும் ஆண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.