டிவி கண்ணாடிக்குள் இருக்கும் ஈயம்



சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு வகுப்புக்கு வந்தான். அவிழ்த்துக் காட்டினான். ஒரு பக்கம் கரி பூசியதுபோல் கறுத்த கண்ணாடித் துண்டுகள்! "தாத்தா வீட்டு டிவி சார். எவ்ளோ கனம் பாருங்க!" என்றான். வாங்கிப் பார்த்தேன். பையன் சொன்னது சரிதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்த அளவில் அவ்வளவு கனக்காது. அந்தக் கனத்துக்குக் காரணம் ஈயம்.

விசாரித்தபோது கதை தெரிந்தது. தாத்தா லயத்தைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். 2019 அக்டோபர் 31-ஆம் தேதி நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றதிலிருந்து அந்தப் பெட்டிக்கு மேல் சாமிப் படங்கள்தாம் இருந்தனவாம். பழைய சாமான் லாரிக்காரர் வந்தார். பெட்டியை அங்கேயே உடைத்தார், செம்புக் கம்பிச் சுருளைப் பிடுங்கினார், சில வெள்ளியைக் கொடுத்தார், போய்விட்டார். கண்ணாடி கால்வாய் ஓரத்தில் கிடந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

அவரைத் திட்டி என்ன பயன்? செம்புக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை. ஒரு காலத்தில் இதே கண்ணாடியைத் தேடி வாங்கினார்கள் என்றால் நம்புவீர்களா?

முதலில், டிவிக்குள் ஈயம் ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். பழைய பெட்டியின் உள்ளே புனல் வடிவில் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய் இருக்கும். பெட்டியின் எடையில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடிதான். (இருவராய்த் தூக்கி மாடிப்படி ஏற்றியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.) குழாயின் கழுத்திலிருந்து எலெக்ட்ரான் துகள்கள் பாய்ந்து வந்து முன்பக்கத் திரையில் மோதும்போது படம் தெரிகிறது. வண்ணத் தொலைக்காட்சியில் அவற்றை இழுப்பதற்கு ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அவ்வளவு வேகத்தில் மோதினால் ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்களே, அதே எக்ஸ்ரே கதிர் சிறிதளவு உண்டாகும். அது நம் மீது படாமல் தடுக்கத்தான் கண்ணாடியில் ஈயத்தைக் கலந்து உருக்கினார்கள். பின்பக்கப் புனலில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈய ஆக்சைடு. முன்பக்கத் திரையில் ஈயம் கலந்தால் நாளடைவில் பழுப்பேறிப் படம் மங்கும். ஆகவே வண்ணப் பெட்டிகளின் திரைக்குப் பேரியம், ஸ்டிரான்டியம் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். திரையையும் புனலையும் ஒட்டிய பசையும் ஒருவகைக் கண்ணாடிதான். அதில் பெரும்பங்கு ஈயமே.

தமிழ்ப்படம் போடும் நாளில் டிவி இருந்த வீட்டில் லயமே கூடி, பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தோமே, அப்போது நம்மைக் காத்தது அந்த ஈயம்தான்!

இனி, தொழிற்சாலையில் இதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். குழாயின் உள்ளே காற்று இல்லை. திடீரென்று உடைத்தால் வெளிக்காற்று அழுத்தி, கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகள் நாலாபக்கமும் தெறிக்கும். ஆகையால் முதல் வேலையாகக் கழுத்துப் பகுதியில் சிறு துளையிட்டு மெல்லக் காற்றை உள்ளே விடுகிறார்கள். பிறகு சுற்றியுள்ள இரும்புப் பட்டையைக் கழற்றுகிறார்கள். திரையும் புனலும் சேரும் இடத்தில் மின்கம்பியைச் சுற்றிச் சூடேற்றினால் அந்தக் கோட்டிலேயே கண்ணாடி விரிசல் கண்டு பிரியும். வைர ரம்பத்தால் அறுப்பவர்களும் உண்டு. திரையின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒளிரும் பொடியை உறிஞ்சும் கருவியால் எடுப்பார்கள். அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. வேலை செய்பவர்கள் முகமூடி இல்லாமல் அருகே போகக்கூடாது. பிறகு ஈயக் கண்ணாடி ஒரு பக்கம், ஈயமில்லாக் கண்ணாடி ஒரு பக்கம் என்று கழுவி, நொறுக்கிச் சேர்ப்பார்கள்.

அப்படிச் சேர்த்த கண்ணாடியை மறுபடி உருக்கிப் புதிய டிவி குழாய் செய்தார்கள். அந்த வேலை நடந்த ஆலைகளில் ஒன்று நம் சிரம்பானுக்கு அருகிலேயே இருந்தது: சாம்சங் கார்னிங் ஆலை. அமெரிக்காவில் உடைத்த பழைய டிவி கண்ணாடி கப்பலேறி அங்கே வந்தது. இந்தியாவில் குஜராத் மாநிலத்துப் பரூச் நகரில் விடியோகான் ஆலையும் வாங்கியது. பிறகு தட்டைத் திரை வந்தது. பழைய வகைப் பெட்டியை வாங்குவாரில்லை. சிரம்பானில் குழாய்க் கண்ணாடி செய்வது நின்றது; 2010-களின் நடுவில் பரூச்சும் கண்ணாடி வாங்குவதை நிறுத்தியது.

பண்டத்துக்கு வாங்குவோர் இல்லையென்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஒரு நிறுவனம், உலை கட்டி ஈயத்தைப் பிரிக்கிறோம் என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் குவித்தது. உலை ஓடவில்லை. 2016-இல் பல்லாயிரம் டன் கண்ணாடியைக் கிடங்குகளிலேயே போட்டுவிட்டு அது கையை விரித்தது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி!

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஈயம் உருக்கும் ஆலைகளில் தாதுவோடு மணலும் சேர்ப்பது வழக்கம். மணலுக்குப் பதில் இந்தக் கண்ணாடியைப் போட்டால் வேலையும் நடக்கும், அதிலுள்ள ஈயமும் கூடவே இறங்கி வந்துவிடும். இங்கிலாந்தில் நுலைஃப் என்ற நிறுவனம் இதற்கென்றே தனி உலை அமைத்தது. ஆனால் இதிலெல்லாம் கண்ணாடியைக் கொடுப்பவர்தான் காசு கொடுக்க வேண்டும். வாங்குபவர் கொடுப்பதில்லை. செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கால்வாயில் தள்ளிவிடும் ஆசை பிறப்பது இங்கேதான்.

முழுக் கண்ணாடியில் ஈயம் அடைபட்டிருக்கும். வீட்டு மூலையில் பெட்டி சும்மா இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. உடைத்துத் தூளானால்தான் வினை. தூசி கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். அதே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாடம் மனத்தில் நிற்காமல் போவது, கவனம் சிதறுவது இவற்றுக்கெல்லாம் அது காரணமாகலாம். காய்ச்சல்போல் வெளியே தெரியாது. வாத்தியாரும் "மக்குப் பையன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் விதிகளில் இந்தக் குழாய்க் கண்ணாடி அபாயக் கழிவாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது, எஸ்.டபிள்யூ. 110 என்பது அதன் எண். சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்ற ஆலைகள்தாம் அதைப் பிரிக்கலாம். உங்கள் வீட்டில் பழைய பெட்டி இருந்தால், முழுதாகவே வைத்திருந்து, மின்கழிவு சேகரிக்கும் இடம் எங்கே என்று ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது இன்னும் சுலபம். 2021 ஜூலை முதல், புதிய டிவியைக் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா? துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி பறக்கும். கையுறை போட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

அந்தக் கால்வாய் ஓரத்தை நானும் பையனின் அப்பாவும் ஒரு சனிக்கிழமை இப்படித்தான் சுத்தம் செய்தோம். இரண்டு பிஸ்கட் டின் நிறைந்தது. பட்டணத்துச் சேகரிப்பு மையத்தில் இருந்தவர் டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிவியா?" என்றார். "பாதி டிவி" என்றேன். "இங்கே வருவதெல்லாம் பாதிதான் சார்" என்று சொல்லி வாங்கி வைத்தார்.