புல்வெளியில் நஞ்சு

புணே நகரின் பாணேர், கோத்ரூட், ஹடப்சர் பகுதிகளில் எழும்பியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றிலும், நுழைவாயிலைக் கடந்ததும் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி கண்ணைப் பறிக்கிறது. பருவமழை தொடங்கியதும் அதில் களை மண்டும், வேர்ப்புழு தாக்கும். பராமரிப்பு ஒப்பந்ததாரர் மருந்தைத் தெளித்துவிட்டுப் போய்விடுவார். என்ன மருந்து, எப்போது தெளிக்கப்பட்டது என்று குடியிருப்போரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அன்று மாலையே வளர்ப்பு நாய்கள் அதே புல்லில் புரளும்.

மனிதருக்காவது காலில் செருப்பு உண்டு. நாயோ பாதத்தில் ஒட்டியதை நாக்கால் நக்கித்தான் சுத்தம் செய்துகொள்கிறது. புல்லையும் மென்று தின்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உள்ளே சென்றால் உமிழ்நீர் ஒழுகும், வாந்தி, தசை நடுக்கம், வலிப்பு தோன்றும். எந்த மருந்து என்று தெரியாமல் கால்நடை மருத்துவர் என்ன செய்வார்?

உடனடி நஞ்சேற்றம் மட்டுமே கவலையன்று. களைக்கொல்லி தெளித்த புல்வெளிகளில் உலவிய ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதலாக இருந்ததாக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு 2004-இல் தெரிவித்தது. ஒரே இனத்தை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தெளித்து 48 மணி நேரம் கழித்தும் புல்லில் எச்சம் இருந்தது. மருந்தே தெளிக்காத வீடுகளின் நாய்களுடைய சிறுநீரிலும் அது காணப்பட்டது.

1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு பிறந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். மனிதருக்கும் விலங்குகளுக்கும் தீங்கு நேராமல் தடுப்பதே நோக்கம் என்று அதன் முகப்புரையே கூறுகிறது. வேடிக்கை என்னவென்றால், டப்பாவின் மீது ஒட்டும் முக்கோணத்தின் நிறம் வரை விதித்த அரசு, பொதுப் புல்வெளியில் நஞ்சைத் தெளிப்பவர் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் ஆணையிட்டது. தெளித்த இடத்தில் நடமாடுவோருக்கு யார் சொல்வது என்ற கேள்வி அப்போதும் விடுபட்டது.

தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், அழகுக்காகப் புல்வெளிகளில் பூச்சிக்கொல்லி தெளிப்பதையே 2009-இல் தடை செய்துவிட்டது. அந்த அளவுக்குப் போக நம்மவர் இப்போதே துணிவார்கள் என்று நாம் நம்பவில்லை. மருந்தின் பெயர், தெளித்த நாள், நேரம் ஆகியவற்றைப் பலகையில் எழுதி, குறைந்தது 48 மணி நேரம் புல்வெளியை மூடுவதைக் கட்டாயமாக்குவதில் என்ன தடை இருக்க முடியும்? நஞ்சேற்ற நிகழ்வுகளைத் தெரிவிக்குமாறு உத்தரவிட 26-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2017-இல் யவத்மால் மாவட்டத்தில் மருந்து தெளித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் 20-க்கும் மேற்பட்டோர் பலியானதைக் கண்ட மகாராஷ்டிர அரசு, அதைப் பயன்படுத்திக் கால்நடை மருத்துவர்களையும் தகவல் தரச் செய்யலாம்.

நாய்களைப் புல்வெளிக்குள் விடாதீர்கள் என்பது சில சங்கங்களின் எளிய விடை. பூங்காக்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கு முற்றாகத் தடை விதிக்கலாகாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே அறிவுறுத்தியுள்ளது. தவிர, தெருநாய்க்குப் பலகை படிக்கத் தெரியாது. பந்தைத் துரத்தும் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியாது. கையுறையின்றித் தெளிப்பானைச் சுமக்கும் தோட்டத் தொழிலாளியோ அங்கிருந்து விலகவே முடியாது. வீட்டுவசதிச் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே ஒப்பந்தத்தைத் திருத்தி, ஆள் வைத்துக் களை பறிக்க முடிவெடுக்கலாம். அதற்கு தில்லியின் அனுமதி தேவையில்லை.